நகர்த்தி வைத்த பெட்டி

கோழிக்கூண்டின் கதவைத் தூக்கிவிட்டேன், ஒன்றும் வெளியே வரவில்லை. சேவல் மட்டும் கழுத்தை நீட்டி மழையைப் பார்த்தது, ஒரு காலைத் தூக்கியது, தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு உள்ளேயே திரும்பிவிட்டது. நல்லது, உள்ளேயே இருங்கள், இன்றைக்கு ஒரு நாளாவது வெளியே வராமல் இருங்கள், குருணையை நானே உள்ளே கொண்டுவந்து போடுகிறேன், உங்கள் மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மாசியில் இப்படி ஒரு மழையா. பூ மழை என்று ஒன்று வரும், ஒரு பாட்டம் பெய்துவிட்டுப் போகும், போனதும் காப்பிச் செடியில் மொட்டெல்லாம் வெடித்து மலைச் சரிவே வெள்ளையாகிவிடும், அது வேறு. இது வந்து உட்கார்ந்துகொண்டது, ஊருக்கு வந்த உறவுக்காரன் திரும்பிப் போகிற பேச்சையே எடுக்காமல் இருப்பதுபோல. கொடியில் கிடக்கிற சட்டை கொடியிலேயே பூஞ்சணம் பிடிக்கிறது, தீப்பெட்டி நமுத்துவிட்டது, விறகு புகைகிறதே தவிர எரியமாட்டேன் என்கிறது. கூண்டுக்குப் பக்கத்தில், தகரச் சாய்ப்புக்குக் கீழே, உரச்சாக்கு போர்த்தி, தேனீப் பெட்டி இருக்கிறது. அதைப் பார்க்காமல் குருணைத் தட்டை எடுக்க முடியாது. பார்க்காமல்தான் எடுக்கப் பார்த்தேன். பிறகு குனிந்து சாக்கை விலக்கிப் பலகையில் காதை வைத்தேன், நேற்று சாயங்காலத்திலிருந்து இதே வேலையாக இருக்கிறேன், ஒரு சத்தம் வருகிறது, வருகிறமாதிரி இருக்கிறது, அது உள்ளே மிச்சமிருக்கிற ஈயின் சத்தமா, தகரத்தில் விழுகிற மழையா, என் காதுக்குள் ஓடுகிற ரத்தமா, சொல்ல முடியவில்லை. மதிய பஸ்ஸில் அண்ணன் வருகிறான். அம்மா கூட்டிக்கொண்டு வருகிறாள். பொங்கல் கழிந்த கையோடு மதுரைக்குப் போனவன், மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரியில் இத்தனை நாள் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் வருகிறான். இந்தப் பெட்டி அவனுடையது. வந்ததும் வீட்டுக்குள்கூடப் போகமாட்டான், படியிறங்கி நேராக ஆரஞ்சு மரத்தடிக்குத்தான் போவான், அங்கே பெட்டி இருக்காது, பெட்டியைத் தாங்கின இரும்புக் கால் மட்டும் நிற்கும், திரும்பி என்னைப் பார்ப்பான். அதற்கப்புறம் என்ன என்கிற இடத்தில் என் நினைப்பு நின்றுவிடுகிறது. மறுபடி சேவலிலிருந்து ஆரம்பிக்கிறது.

கோழி என்னுடையது, ஈ அவனுடையது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, தானாகப் பிரிந்துகொண்டது. எனக்குக் கோழியின் புத்தி தெரியும். கூண்டை இடம் மாற்றினால் இரண்டு பொழுது அடைத்து வைக்க வேண்டும், உள்ளேயே தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டும், பிறகு திறந்துவிட்டால் மேய்ந்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் புது இடத்துக்கே வந்து அடையும், ஒன்றிரண்டு பழைய இடத்தில் போய்த் திருதிருவென்று முழிக்கும், அதைப் பிடித்துக்கொண்டு வந்து போட்டால் மறுநாள் அதுவும் பழகிவிடும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதை வைத்துக்கொண்டுதான் பெட்டியைத் தூக்கினேன். போகும்போது அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்று, ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைத் தொட வேண்டாம், ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும் என்று. ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி என்று அவன் சொல்லவில்லை. பெட்டி சரிவின் விளிம்பில் நிற்கிறது, கீழேயிருந்து காற்று மழையைச் சாய்த்துக்கொண்டு வருகிறது, வாசலில் தண்ணீர் வழிகிறது, வாசலில் காவல் நிற்கிற ஈக்கள் நனைந்து ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, இங்கே கோழிகள் தகரத்துக்குக் கீழே வெதுவெதுப்பாக இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன, இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒருவன் எப்படிச் சும்மா இருப்பான். சாயங்காலமாகப் பார்த்து, எல்லாம் உள்ளே அடங்கிய பிறகு வாசலில் துணியை அடைத்து, குழந்தையைத் தூக்குகிறமாதிரி அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்தேன். நடக்கும்போது என் நெஞ்சில் அதன் இரைச்சல் உரசியது. அந்த இரைச்சலுக்கு நான், இருங்க இருங்க வந்துட்டோம், என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். சர்க்கரைப் பாகு காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றி, முங்கிவிடக் கூடாதென்று குச்சிகூடப் போட்டு உள்ளே வைத்தேன். இரண்டு பொழுது அடைத்தும் வைத்தேன். எல்லாம் கோழிக்குச் செய்கிற முறைப்படி செய்தேன், ஒரு குறை வைக்கவில்லை.

நேற்று மதியத்துக்கு மேல் வெயில் வந்தது. வெயில் என்றால், மேகத்துக்குப் பின்னால் யாரோ விளக்கைக் கொண்டுவந்து வைத்தமாதிரி. துணியை உருவினேன். ஒன்று வந்தது, பிறகு பத்து, பிறகு கொட்டுகிறமாதிரி வந்தன, தகரத்துக்கு வெளியே போய் மேலே ஏறின, கீழே முள்முருங்கை சிவப்பாகப் பூத்து நிற்கிறது, அங்கே இறங்கின. எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் இல்லாத வீட்டில் நின்று சத்தமாகச் சிரித்தேன், அண்ணன் வந்தால் சொல்ல வேண்டும், பார் உன் ஈயை எப்படி வைத்திருக்கிறேன் என்று. கூண்டைக் கழுவப் போனேன். கழுவி முடிப்பதற்குள் மேகம் பள்ளத்திலிருந்து ஏறிவிட்டது. திரும்பி வந்தன. எல்லாம் வந்தன, ஒன்றுகூட வழி தப்பவில்லை, ஆனால் ஆரஞ்சு மரத்தடிக்கு வந்தன. இரும்புக் காலுக்கு மேலே, பெட்டி இருந்த உயரத்தில், வெறும் காற்றில், பெட்டியின் வாசல் எங்கே இருந்ததோ சரியாக அந்த இடத்தில் வந்து வந்து முட்டின. அங்கே ஒன்றும் இல்லை. விலகிப் போய்ச் சுற்றிவிட்டு மறுபடி வந்து அதே இடத்தில் இறங்கப் பார்த்தன. பெட்டி இருக்கிற இடத்துக்கும் அதற்கும் நடுவில் கொடிக்கயிறு நீளம்தான் இருக்கும், தலையைத் திருப்பினால் தெரிகிற தூரம், தலையைத் திருப்பத் தெரியவில்லை அதுகளுக்கு. இரும்பின் தலையில் ஒரு கைப்பிடி அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. மழை பிடித்துக்கொண்டது. உதிர ஆரம்பித்தன. நான் முறத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன், வாழை இலைத் துண்டால் கூட்டி அள்ளி ஓடிவந்து பெட்டி வாசலில் கொட்டினேன், சிலது ஏறின, சிலது கொட்டின இடத்திலேயே காலை மடக்கிக்கொண்டன, திரும்ப ஓடினால் மரத்தடியில் கோழிகள் நிற்கின்றன. நான் வளர்த்த கோழிகள். சாம்பல் பெட்டை, செவலை, விடலைக் குஞ்சுகள், நான் ஓடுகிற அவசரத்தைப் பார்த்துத் தீனி போடுகிறேன் என்று நினைத்து ஓடிவந்திருக்கின்றன, தரையில் கிடப்பதைப் பார்த்து அப்படி ஒரு சந்தோஷம், கொத்திவிட்டு ஒரு சத்தம் கொடுக்குமே, நல்ல புழு கிடைத்தால் கொடுக்கிற சத்தம், அந்தச் சத்தம். நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது, நான் கத்துகிறவன் இல்லை, பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா என்று சொன்னாலே வாத்தியாருக்குக் கேட்காது. கோழிகள் கொஞ்சம் விலகி நின்று என்னைப் பார்த்தன, மறுபடி கொத்தின.

அப்போதே பெட்டியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்திருக்கலாம். இது நேற்று ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது. தோன்றியதும் எழுந்து உட்கார்ந்தேன். எழுந்து உட்கார்ந்ததும் இன்னொன்று தோன்றியது, முறத்தில் அள்ளிப் போட்டதில் ஏறினவை இந்த இடத்தைப் பழகியிருந்தால்? இன்னொரு தடவை தூக்கினால் அதையும் கெடுத்துவிட்டால்? ஒரு தடவை தொட்டு இவ்வளவு ஆயிற்று, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவனுக்கு இனிமேல் தொடவே பயமாக இருக்கிறது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். எது சரி என்று அண்ணனைத்தான் கேட்க வேண்டும், எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவனுக்குச் சொல்லவும் கூடாது. அவன் இருந்தால் சிரிப்பான். அந்தக் காலத்து அண்ணன் சிரிப்பான் என்று சொல்ல வேண்டும். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முகத்துக்கு ஒரு துணிகூட மறைக்காமல், மூடியைத் திறந்து தேனடையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டுவான், கையெல்லாம் ஈ ஊரும், இன்னைக்குக் கோவமா இருக்காளுக, கிட்ட வராத, என்பான், கூடப் பிறந்த அக்கா தங்கச்சிகளைப் பற்றிச் சொல்வதுபோல. நான் கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். ஒரு துண்டு மெழுகைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே மூடுவான். அப்படி இருந்தவன் கார்த்திகை மழையோடு பேச்சைக் குறைத்தான். ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் ஊருக்குப் புரியவில்லை, பொண்ணு விஷயமா, வேலை விஷயமா, யாராவது செய்வினை வைத்துவிட்டார்களா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள், ஒன்றுமில்லை என்றால் நம்பவில்லை. சாப்பாடு குறைந்தது. குளிப்பது நின்றது. பெட்டிக்குப் பக்கத்துக் கல்லில் போய் உட்காருவது மட்டும் நிற்கவில்லை, அதுவரைக்கும் நானும் அம்மாவும் தைரியமாக இருந்தோம், அங்கே போய் உட்காருகிறான் அல்லவா, அது போதும் என்று. பிறகு ஒரு நாள் அங்கேயும் போகவில்லை. கூப்பிட்டால் சுவரைப் பார்த்தான். பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் மூடுபனிக்குள் ஆரஞ்சு மரத்துக்கும் கீழே, சரிவு உடைந்து பள்ளமாகிற இடத்தில், செருப்பில்லாமல் நின்றான். அண்ணே என்றேன். இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாக அண்ணே என்றேன். திரும்பினான், யார் வீட்டு ஆள் என்று பார்க்கிறமாதிரி என்னைப் பார்த்தான். ஜீப்புக்குச் சொன்னது நான்தான். எங்கே போகிறோம் என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு இருந்திருக்காது. ஏறச் சொன்னதும் ஏறிக்கொண்டான்.

அம்மா போனில் அதிகம் பேசமாட்டாள், பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கிறார்கள் என்பாள். கோழிகளைப் பற்றிக் கேட்பாள். இடி இடிக்கிறதா என்று கேட்டுவிட்டு, அடைக்கோழிக் கூடையில் ஆணியும் அடுப்புக்கரியும் போட்டாயா, போடாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டை அத்தனையும் கூமுட்டையாகும் என்பாள். போட்டேன் என்பேன். வெள்ளைக் கழிச்சல் நோயில் இரண்டு போய்விட்டதைச் சொன்னேன், சின்ன வெங்காயமும் சீரகமும் அரைத்து உருட்டி விழுங்கவைக்கச் சொன்னாள். தவக்காலம் தொடங்கிவிட்டது, வீட்டில் கறி கிடையாது, இந்த நாற்பது நாளும் கோழிக்குத்தான் பெருநாள், அது இப்படிச் சாகிறதே என்று அவளே சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது, எதிரில் அவன் இருந்திருப்பான். பிறகு ஒரு நாள் அவளாகவே கூப்பிட்டாள், குரல் வேறு மாதிரி இருந்தது. அமலா, அவன் இன்னைக்கு வாயத் திறந்து கேட்டான்டா, என்றாள். பெட்டி எப்படி இருக்குன்னு கேட்டான். வந்ததுல இருந்து அது ஒண்ணுதான் கேட்டிருக்கான். நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். நல்லா இருக்குல்ல? நல்லா இருக்கும்மா, என்றேன். அன்றைக்கு அது உண்மை. டாக்டரிடமும் சொன்னாளாம், அவர், நல்ல அறிகுறி, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாராம். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மா அதை என்னிடம் ஒப்படைப்பதுபோலச் சொன்னாள், எந்தக் கை என்று பார்க்காமல்.

ராயப்பன் காலையிலேயே வந்தார், தலையில் பிளாஸ்டிக் தாளைக் கவிழ்த்துக்கொண்டு, முட்டை வாங்க. கீழ் வளைவில் இருக்கிறவர், வரிசையாகப் பெட்டி வைத்திருக்கிறவர், அண்ணனுக்கு முதல் ஈக் கூட்டத்தைப் பிரித்துக் கொடுத்தவரே அவர்தான். பெட்டி இடம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், சொல்லிவிட்டேன். பெட்டியை லேசாகத் தூக்கிப் பார்த்தார், மூடியைத் திறக்கவில்லை, விரலால் தட்டிக் கேட்டார். தேறுகிறது கஷ்டம் என்றார். வெளியே போய்த் தேன் பொறுக்குகிற ஈ போய்விட்டது, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே பறக்காத சின்னது, ராணி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பத்து நாள் குளிர் தாங்காது. பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இதுக்கா இப்படி நிக்கிற, என்றார். எங்கிட்ட ஒரு கூட்டம் இருக்கு, பெருத்துப் போய்க் கெடக்கு. பெட்டியோட தூக்கிட்டு வந்து இதுக்குள்ள மாத்திருவோம். அவனுக்கு எப்படித் தெரியும்? உங்கண்ணன் என்ன ஒவ்வொரு ஈக்கும் ஞானஸ்நானம் குடுத்துப் பேரா வச்சிருக்கான்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நேற்றைக்கப்புறம் முதல் சிரிப்பு, அதனாலேயே அவர்மேல் கோபமும் வந்தது. மழை விடுகிற சமயம் பார்த்துப் போன் பண்ணு, பஸ் வருவதற்குள் முடித்துவிடலாம், தூரத்திலிருந்து வருகிற கூட்டம் என்பதால் பழைய இடத்தைத் தேடாமல் இங்கேயே பழகிக்கொள்ளும் என்றார். இறங்கிப் போகிறவர் திரும்பி நின்று, ஒண்ணு மட்டும் செஞ்சு வையி, என்றார். உள்ள மிச்சம் இருக்கறதத் தட்டி விட்டுரு. ரெண்டு கூட்டமும் சேராது, கடிச்சுக்கிட்டுச் சாகும். தரையில தட்டிவிட்டாப் போதும், கோழி இருக்குல்ல.

கோழி இருக்கிறது. குருணையைக் கூண்டுக்குள் தூவிவிட்டு அவர் சொன்னதை நினைத்துக்கொண்டு நிற்கிறேன். மழை விட்டிருக்கிறது, விட்டதுபோல இருக்கிறது, தகரத்திலிருந்து சொட்டுவது மட்டும் தனியாகக் கேட்கிறது. போன் சட்டைப் பைக்குள் வெதுவெதுப்பாக இருக்கிறது. எடுத்து அவர் பெயர்வரை போய் விரலை வைக்காமல் நிற்கிறேன். அண்ணன் வருவான், ஆரஞ்சு மரத்தடியில் பெட்டி இருக்கும், வாசலில் ஈ போவதும் வருவதுமாக இருக்கும், கல்லில் உட்காருவான், அம்மா அடுக்களையிலிருந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், யாருக்கு என்ன நஷ்டம். அவனுக்குத் தெரிந்துவிடும். தெரியாது. ஈயின் கோபம் வேறு மாதிரி இருந்தால் தெரிந்துவிடும், இவளுக யாரு என்று கேட்பான். கேட்டால் என்ன, அவனே கொஞ்சம் மாறித்தான் வருவான், மாறிவிட்டேனோ என்று தன்னையே சந்தேகப்படுவான், மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அப்படி இருக்குமாம், ஐயோ, அதைவிட அவனுக்குச் செய்கிற துரோகம் இருக்கிறதா, தன் காதையே நம்ப முடியாதவனாக அவனை உட்காரவைப்பது. சரி, சொல்லிவிடலாம். சொன்னால் மறுபடி பள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பான். நிற்கமாட்டான். நின்றால் நான் கூப்பிடுகிற சத்தம் அவன்வரைக்கும் போகுமா. நேற்று கோழியை விரட்டக் கத்தினேனே அந்தச் சத்தம் அன்றைக்கு எங்கே போயிருந்தது. சாக்கை விலக்கினேன். மூடியைத் தூக்கவேண்டும், பெட்டியைக் கவிழ்த்து ஒரு தட்டு, அவ்வளவுதான் வேலை. மூடியை ஒரு விரல்கடை உயர்த்தினேன். இருட்டுக்குள்ளிருந்து ஒரு மூச்சு மேலே வந்தது, மெழுகு வாசனையும் புளித்த பாகின் வாசனையும், அதோடு ஒரு சூடு. அடைகளுக்கு நடுவில், ஒரு எலுமிச்சம்பழம் பருமனுக்கு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இருந்தன. வெளிச்சம் பட்டதும் மொத்தமாக ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தன, கோழி இறகை உதறுகிறமாதிரி, பிறகு இன்னும் நெருங்கிக்கொண்டன. கூண்டுக்குள்ளிருந்து செவலை என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூடினேன். எதையும் நசுக்கிவிடக் கூடாதே என்று ஓரம் ஓரமாகப் பார்த்து இறக்கினேன். போனை எடுத்து ராயப்பனுக்கு, வேண்டாம் மாமா, என்று சொன்னேன், அவர் ஏதோ கேட்டார், மறுபடியும் வேண்டாம் என்றேன், அவ்வளவுதான் என்னால் பேச முடிந்தது. கொண்டை ஊசி வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது.

குடையை எடுத்துக்கொண்டு மேலே ரோட்டுக்கு ஏறினேன். முதலில் அம்மா இறங்கினாள், ஒயர் கூடையும் பிளாஸ்டிக் பையுமாக, பிறகு அவன். உடம்பு போட்டிருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், கன்னம் உப்பி, யாரோ நல்ல சாப்பாடு போடுகிற வீட்டில் இருந்து வந்தவன்மாதிரி இருந்தான். அண்ணே என்றேன். ம், என்றான். குடையைப் பிடித்தால் அதற்குக் கீழே வந்தான். படியிறங்கும்போது ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தான். கடைசிப் படியிலிருந்து இடது பக்கம் திரும்பினால் ஆரஞ்சு மரம், வலது பக்கம் வாசல். அவன் வலது பக்கம் திரும்பி வீட்டுக்குள் போனான். மரத்தைப் பார்க்கக்கூட இல்லை. அடுக்களையில் பலகையை இழுத்துப்போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அம்மா ஈரச் சேலையோடு குனிந்து அடுப்பை ஊதினாள், பஸ்ஸில் ஒரு அம்மாள் வத்தலக்குண்டிலிருந்து வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்ததையும், கண்டக்டர் அதற்கு ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்ததையும் சொல்லிக்கொண்டே ஊதினாள். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தான். கேட்பான் என்று பார்த்தேன். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் கேட்பான் என்று பார்த்தேன். கேட்டுவிடு அண்ணே, கேட்டால் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டால் நானாக எப்படி எடுப்பது. டம்ளரில் பாதி குறைந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், போனில் சொன்னாயே நல்லா இருக்கிறதென்று, சொல்லேன் என்கிற பார்வை. நான் சொன்னேன். அண்ணே, பெட்டிய நான் நகர்த்திட்டேன். மழையா இருக்குன்னு கூண்டுப் பக்கம் வச்சேன். நேத்து வெளிய போனது எல்லாம் பழைய எடத்துக்கே வந்துருச்சு. செத்துப் போச்சுண்ணே, முக்காவாசி. கோழி தின்னுருச்சு. அம்மா ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தாள். அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியா, என்றான். பிறகு டம்ளரை என்னிடம் நீட்டி, இன்னும் இருக்கா, என்றான். ஊற்றினேன். குடித்தான். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

இதைத்தான் நான் நினைத்துப் பார்க்கவில்லை. அழுவான் என்று நினைத்தேன், அடிப்பான் என்றுகூட நினைத்தேன், அடித்தால் நல்லது என்று நினைத்தேன், பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறவனைப் பின்னாலிருந்து எப்படிக் கட்டிப்பிடிப்பது என்றுகூட காலையில் நினைத்துப் பார்த்து வைத்திருந்தேன். அப்படியா என்று ஒருவன் சொன்னால் அவனை எந்தப் பக்கம் பிடிப்பது. அம்மா கட்டிலைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்து, மாத்திரை அப்படி இருக்கும்னு சொன்னாங்கடா, கொஞ்ச நாளைக்கு அப்படித்தானாம், என்றாள், அதை அவளுக்கே சொல்லிக்கொள்கிறமாதிரி. நான் பின்பக்கம் போனேன். கோழிகள் அடைந்து கிடக்கப் பொறுக்காமல் மழையிலேயே வெளியே வந்துவிட்டன, ஆரஞ்சு மரத்தடியில் நின்று நேற்றுப் பொறுக்கின இடத்தையே கிளறிக்கொண்டிருந்தன. விரட்டி உள்ளே தள்ளிக் கதவை இறக்கினேன். பிறகு சாக்கை எடுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். சரியா தப்பா என்று கேட்டுக்கொள்ளவில்லை, அந்தக் கேள்வி காலையிலேயே தேய்ந்து போய்விட்டது. கனமே இல்லை. வரும்போது நெஞ்சில் உரசிய இரைச்சல் இப்போது இல்லை, அடிப்பலகையில் என் உள்ளங்கைக்கு மட்டும் மிக லேசாக ஏதோ தெரிந்தது, அது நடுங்குகிறதா என் கை நடுங்குகிறதா. அம்மா குடையோடு வந்தாள், எனக்குப் பிடிக்காமல் பெட்டிக்குப் பிடித்தாள், இரண்டு பேரும் நனைந்துகொண்டு நடந்தோம். இரும்புக் காலில் நேற்று ஒட்டினவை சில செத்து ஒட்டிக்கொண்டிருந்தன, விரலால் வழித்துவிட்டுப் பெட்டியை மேலே வைத்தேன். வாசலை அது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கம் திருப்பினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நின்றேன். வீட்டுப் பக்கம் ஜன்னல் கதவு ஈரத்தில் உப்பியிருக்கிறது, அதைத் திறக்க ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அந்தத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"பின்பக்கம் தூக்கிக் குடு," என்றான் அண்ணன்.

எனக்குக் கேட்டதா என்று எனக்கே நிச்சயமில்லை. "என்னண்ணே?"

"பின்பக்கம். ஒரு கல்லு வையி. மட்டமா இருந்தா தண்ணி உள்ள போகும்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. முகம் அடுக்களையில் இருந்த அதே முகம்தான், உப்பிப் போய், தூக்கத்தில் இருக்கிறமாதிரி, குரலிலும் ஏற்ற இறக்கம் இல்லை. அம்மாவின் கையில் குடை ஆடியது, நான் அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நிற்கப் பயந்து சீக்கிரமாகக் குனிந்தேன். மரத்தடி மண்ணில் ஒரு ஓட்டுச் சில்லு கிடந்தது. துடைத்து, பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கிச் செருகினேன். பெட்டி முன்னால் லேசாகச் சாய்ந்தது, வாசல் பலகையில் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு கோடாகக் கீழே வழிந்தது.

"போதுமாண்ணே?"

மழை இலையில் விழுந்து இலையிலிருந்து விழுகிற சத்தம் முழுக்கக் கேட்டது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது, போய்ப் படுத்துவிட்டான் என்று நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம்," என்றான்.

குனிந்து இன்னொரு சில்லைத் தேடினேன்.